அப்பாயி கட்டிவைத்த முடிச்சுகள்

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கும், மாவட்ட எல்லை தாண்டிக் கீரமங்கலம், வடகாடு பக்கத்துக்காரர்களுக்கும் ஆடியும் ஆவணியும் மொய் விருந்து மாதங்கள். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. பணமுடை வந்த சில குடும்பங்கள் சேர்ந்து பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு ஆக்கிப் போடும். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் மேசையில் நோட்டோடு ஆள் உட்கார்ந்திருப்பார். ஊர், பெயர், தொகை மூன்றையும் சொல்ல வேண்டும். முன்பு வாங்கியதற்குத் திருப்பிச் செய்தது எவ்வளவு, அதற்கு மேல் புதிதாகப் போட்டது எவ்வளவு என்று வரிவரியாக ஏறும். இப்போது கம்ப்யூட்டரும் பணம் எண்ணும் இயந்திரமும்கூட வந்துவிட்டன. வட்டியில்லாமல் ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிற இந்த ஏற்பாட்டின்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் அத்தையின் கல்யாணக் கடன் அடைந்ததும், எங்கள் தோப்பில் போர் போட்டதும் அந்தப் பணத்தில்தான்.

எங்கள் வீட்டு மொய் நோட்டுகள் நிலப் பத்திரங்களோடு ஒரே டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அட்டை கிழிந்து, நூல் விட்டுப்போன பழைய நோட்டுகளும் அதில் உண்டு. தாத்தா பெயர் இருக்கிறது, பெரியப்பா பெயர் இருக்கிறது, அப்பா பெயர் இருக்கிறது. அப்பாவின் அம்மாவான அப்பாயி பெயர் ஒரு வரியில்கூட இல்லை. யாரும் வேண்டுமென்று விட்டதில்லை. மொய் ஆம்பளை பெயரில்தான் எழுதுவது. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இந்த ஊருக்குப் போனதில் பெரும்பங்கு அப்பாயி கையால் போனது. கொடுத்ததைப் பைசா சுத்தமாக எழுதிவைக்கிற ஊரில் அவர் கொடுத்தது மட்டும் எழுத்தில் ஏறவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை. தெரிந்ததையாவது நான் எழுதுகிறேன்.

ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் வாக்கப்பட்டு வந்தவர். ஐந்து பிள்ளைகள். எங்கள் ஊருக்குத் தண்ணீர் கல்லணைக் கால்வாயில் வருகிறது. அதைப் புதாறு என்றுதான் சொல்வோம். மேட்டூர் அணை கட்டி முடித்த 1934-இல்தான் அதுவும் வந்தது. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தாலும் கடைமடையான எங்களுக்குத் தண்ணீர் எட்டிப்பார்க்க நாளாகும். சில வருடம் எட்டியே பார்க்காது. நெல் மட்டும் நம்பினால் ஆகாது என்று தாத்தா தலைமுறையில் மேட்டு நிலமெல்லாம் தென்னை ஆனது.

நெல் விற்ற காசும் தேங்காய் விற்ற காசும் தாத்தாவுடையது. அப்பாயிக்கு என்று இருந்தது கொல்லை. முருங்கை, நாலு வாழை, கோழிகள், இரண்டு வெள்ளாடு, தோப்பில் விழுகிற மட்டை. பிறகு அரிசிப் பானை. எவ்வளவு அரிசி உலையில் போடுவது என்பதை வீட்டில் வேறு யாரும் கேட்டதில்லை. அப்பாயியின் கொடை முழுவதும் இந்தச் சின்ன எல்லைக்குள்ளிருந்து வந்தது. பெரிய சொத்துக்காரி அள்ளிக் கொடுத்த கதை இல்லை இது. அவருக்கு அதிகாரம் இருந்த இடம் குறைவு. இருந்த இடத்தை முழுக்கப் பயன்படுத்தினார்.

தென்னை மட்டையை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கீற்று முடைவது முக்கியமான கைக்காசு. விழுந்த மட்டையை இரண்டாகப் பிளந்து, குட்டையில் ஊறப்போட்டு, தரையில் உட்கார்ந்து முடைந்து கட்டாகக் கட்டினால் வியாபாரி வந்து எடுத்துப்போவார். மட்டைக்கு விலை உண்டு. அப்பாயி விற்கமாட்டார். புருஷன் இல்லாத இரண்டு பேருக்கு, இந்த வரிசை உனக்கு, அந்த வரிசை உனக்கு என்று பிரித்து விட்டிருந்தார். தாத்தா கேட்டால், “கூட்டிப் பெருக்குறதுக்கு ஆள் கூலி குடுக்கணும்ல, அதுக்கு இது சரியாப் போச்சு” என்பார். வாங்குகிறவளுக்கும் அதே கணக்குதான். அவளுக்கும் தான் பெருக்கிய கூலியை எடுத்துப்போவதாகத்தான் இருக்கும். யாரும் யாருக்கும் தலை குனிய வேண்டி வரவில்லை.

மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். மல்லிப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா அலுமினியக் கூடையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, தெருத்தெருவாய் வருவார். மத்தி, காரப்பொடி, நண்டு, கிடைத்தால் சுறா. காசு இல்லாத நாளில் மீனுக்கு அரிசி அளப்பதும் உண்டு. அப்பாயி கூடையை இறக்கச் சொல்லி, செவுளைத் தூக்கிப் பார்த்து, ஐந்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் பேரம் பேசுவார். இரண்டு பேரும் சத்தம் போடுவதைக் கேட்டால் சண்டை என்றே நினைக்கத் தோன்றும். பேரம் முடிந்ததும் அதே அம்மாவுக்குத் திண்ணையில் இலை விழும். சோறு, குழம்பு, போகும்போது இரண்டு தேங்காய். தேங்காய் விலை மீனில் பேசிக் குறைத்ததைவிட அதிகம். “அப்பாயி, அப்புறம் எதுக்கு அவ்வளவு நேரம் பேரம் பேசுன?” என்று ஒருநாள் கேட்டேன். “வெல வேற, சோறு வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது” என்றார்.

பிள்ளை பெற்ற வீடு என்றால் அப்பாயி அங்கே போய்விடுவார். சொந்தம், பங்காளி என்ற கணக்கு அதில் கிடையாது. சுறாவை வேகவைத்து, தோலும் முள்ளும் எடுத்து, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுப் புட்டு செய்வார், பால் ஊறுவதற்கு. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் பலருடைய அம்மாக்கள் அந்தப் புட்டைத் தின்றவர்கள். எதிர்த்த வீட்டு மருமகளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தபோது, அந்த வீட்டு மாமியார் கையை உடைத்துக்கொண்டு கிடந்தார். மூன்று மாதம் அந்த வீட்டு உலையும் சேர்த்து அப்பாயி பார்த்தார். எங்கள் வீட்டுச் சமையல் முடிந்த பிறகு, மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு.

அவரைத் தெய்வமாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. கடுமையான வாய். ஓரகத்தி ஒருவர் ஏதோ ஒரு சீமந்தத்தில் சொன்ன சொல்லை முப்பது வருடம் மன்னிக்கவில்லை. பேரப்பிள்ளைகளில் பெரியப்பா மகனுக்குத்தான் முறுக்கு டின்னின் மூடி முதலில் திறக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நடவுக்கு வருகிற பெண்களுக்கு வயிறார ஆக்கிப் போட்டார், உண்மை. ஆனால் கொல்லை வாசலில்தான் போட்டார். முன்வாசல் திண்ணையில் மீன்கார அம்மாவுக்கு விழுந்த இலை அவர்களுக்கு விழவில்லை. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதே காரணம். காய்ச்சலில் கிடந்த ஒருத்திக்குத் தன் கையால் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தவர், அவள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்தார். கல்லூரிக் காலத்தில் இதைச் சொல்லி நான் சண்டை போட்டிருக்கிறேன். “எனக்கு முந்தி இருந்தவுக வச்சதுடி” என்பார். அந்தப் பதில் எனக்கு இன்றும் போதாது. அவருடைய ஈரத்தை எழுதும்போது அது எந்த வாசலோடு நின்றது என்பதையும் எழுத வேண்டும்.

சிறுவாட்டுக்கு வருகிறேன். முட்டை விற்றது, ஆட்டுக்குட்டி விற்றது, அண்ணன்மார் வந்தால் கையில் வைத்துப்போவது எல்லாம் சேர்ந்த பணம். கிராமத்தில் சிறுவாடு இல்லாத பெண் குறைவு. அப்பாயியிடம் தன் சிறுவாட்டோடு மற்றவர்களுடையதும் இருந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். மறுநாள் விடிவதற்குள் கொல்லைப்புறமாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

குடிக்கிற புருஷன் பெட்டியை உடைப்பான், மகன் கேட்டால் மறுக்க முடியாது. அதனால் கீற்று முடைந்த காசையும் நூறு நாள் வேலைக் காசையும் அப்பாயியிடம் கொண்டுவந்து கொடுத்துவைத்திருக்கிறார்கள். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எண்கள் தெரியும், எழுத்துக்கூட்டுவது சிரமம். அதற்கு அவர் கண்ட வழி இது. கொடுத்தவளின் பழைய சேலையிலேயே ஒரு துண்டு கிழித்து வாங்கி அதில் பணத்தை முடிந்து வைப்பார். பச்சையில் மாங்காய் போட்டது இன்னாருடையது, காவியில் கட்டம் போட்டது இன்னாருடையது. நெல் குதிருக்குள் ஒரு மண்பானை, பானைக்குள் முடிச்சுகள். ரசீது இல்லை, நோட்டு இல்லை. அவசரத்துக்கு ஒருத்தி பணத்தை இன்னொருத்திக்குக் கைமாற்றாகக் கொடுப்பதென்றால், முதலாமவளைக் கேட்டுத்தான் கொடுப்பார். அப்படிக் கைமாறிய பணத்தில் ஒரு பெண் நர்சிங் படித்து முடித்திருக்கிறாள். இதெல்லாம் அந்த நவம்பரில் வெளியே வந்தவை.

தாத்தா திண்ணையில் முடிச்சுகளைப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று அம்மா பயந்திருந்தார். “இத்தன பேரு ஒன்ட்ட குடுத்து வச்சிருக்காளுவளே, எனக்கு ஒருத்தனும் குடுத்ததில்லயேடி” என்று மட்டும் சொன்னார்.

டிசம்பர் 30 வரை தவணை இருந்தது. பலருக்கு வங்கிக் கணக்கில் புருஷனுடைய செல்போன் எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள், பணம் போட்டால் அவனுக்குச் செய்தி போய்விடும். அந்தப் பணத்துக்காகத்தான் எழுபது வயதில் அப்பாயி பேராவூரணிக்கு வரிசையில் நிற்கப் போனார். அதுவரை அவருக்குக் கணக்கே இல்லை. அம்மா கூடப்போய் ஆரம்பித்துக் கொடுத்தார். பணம் சம்பந்தப்பட்ட ஒரு காகிதத்தில் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல். பத்து பேருடைய பணம் அவர் பெயரில் விழுந்தது. புது நோட்டாக எடுக்க எடுக்க அதனதன் துணியில் பழையபடி முடிந்து வைத்துவிட்டார். தன் சிறுவாட்டை மட்டும் கடைசியாக மாற்றினார். அதற்குள் தவணை முடிந்துவிடுமோ என்று அம்மாதான் தவித்தார்.

இரண்டு வருடத்தில் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் மேல் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரத் தென்னைகள் கொத்துக் கொத்தாய்ச் சாய்ந்தன. நாற்பது வருட மரமெல்லாம் வேரோடு வந்துவிட்டது. விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டிலிருந்து பெரிய ரோடு தெரிந்தது. அதற்கு முன் தெரிந்ததே இல்லை. கரண்டு வர வாரக்கணக்கில் ஆனது. கரண்டு இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. வாடகைக்கு ஜெனரேட்டர் பிடித்துத் தண்ணீர் ஏற்றிய ஊர்கள் பல.

தாத்தா தோப்புக்குள் போய் உட்கார்ந்தவர் வரவில்லை. அப்பா மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அப்பாயி அடுப்படிக்குப் போனார். கூரை பறந்திருந்தது. வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, குதிரில் இருந்த புழுங்கல் அரிசியைக் கொண்டுவரச் சொன்னார். விழுந்த மட்டையும் பாளையும் விறகு. முதல் நாள் எங்கள் தெருவுக்கு. இரண்டாம் நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெருவில் குடிசை ஒன்றுகூட நிற்கவில்லை என்று தெரிந்தது. அப்பாயி ஆளனுப்பி எல்லோரையும் வரச்சொன்னார். பெரிய அண்டா கோயிலிலிருந்து வந்தது. அந்தத் தெருப் பெண்களும் எங்கள் தெருப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்கள். முன்வாசலில்தான் பந்தி. அத்தனை பேரும் ஒரே பந்தி. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நடவுக்கு வருகிற ஒரு அக்கா சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். அப்பாயி தன் சொம்பை நீட்டினார். அதற்குப் பிறகும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் கொல்லை வாசலில் மறுபடி யாருக்கும் அவர் இலை போட்டு நான் பார்க்கவில்லை.

அரிசி எட்டு நாளில் தீர்ந்தது. விதைக்கென்று வைத்திருந்த நெல்லையும் குத்தலாமா என்று தாத்தாவிடம் கேட்டார். என் நினைவில் அவர் அனுமதி கேட்டது அந்த ஒரு தடவைதான். குத்து என்றார் தாத்தா. மூன்றாவது வாரம் நிவாரண லாரிகள் உள்ளே வரத் தொடங்கின.

சாய்ந்த மரத்துக்கு அரசு நிவாரணமாக 1,100 ரூபாய் அறிவித்தது, வெட்டி அப்புறப்படுத்தும் செலவும் சேர்த்து. பணம் நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர் பெயருக்கு வந்தது. கீற்று முடைந்து பிழைத்த பெண்களுக்குத் தோப்பும் போனது, தொழிலும் போனது. அவர்கள் எந்தப் பட்டாவிலும் இல்லை. அப்பாயி இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். “மரம் நம்மளதுன்னா மட்ட அவளுவளது. அதுக்கு யாரு குடுப்பா?” வீட்டுக்கு வந்த நிவாரணப் பணத்தில் ஒரு பங்கைத் தாத்தாவிடம் சண்டை போட்டு வாங்கி, மட்டை எடுத்த இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஆட்டுக்குட்டி பிடித்துக் கொடுத்தார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அப்பாயி போன்றவர்கள் வேலை செய்யாதவர்கள் பட்டியலில் வருகிறார்கள். 2019-இல் மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. எதிர்த்த வீட்டு உலை, பிள்ளை பெற்றவளுக்குப் புட்டு, சேலைத் துண்டில் முடிந்த அடுத்தவள் பணம் இவற்றையெல்லாம் எந்த நிமிடத்தில் சேர்ப்பது? 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, புருஷன் பெயரில் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்புக்கும் பங்குண்டு, அதில் அவளுக்குச் சரிபாதி உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னார். அதைப் படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஒங்க அப்பாயிகிட்ட சொல்லியிருந்தா, அந்தப் பாதியையும் யாருக்காவது குடுத்திருக்கும்” என்றார் அம்மா.

2022 தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அப்பாயி போய்ச் சேர்ந்தார். இரண்டு நாள் காய்ச்சல், பெரிதாகப் படுக்கவில்லை. பதினாறாம் நாள் கருமாதி முடிந்த மறுநாள் அம்மாவும் அத்தையும் நெல் குதிரைத் திறந்தார்கள். பானையில் நான்கு முடிச்சுகள் இருந்தன. துணியைப் பார்த்ததுமே அத்தை ஒன்றைச் சொன்னார், இது கிழக்கு வீட்டுக்காரம்மா தீபாவளிக்கு எடுத்த சேலை. இரண்டாவது, மட்டை எடுக்கிற அக்கா. மூன்றாவது மல்லிப்பட்டினத்து மீன்கார அம்மாவுடையது. அது எங்கள் எல்லோரையும் உலுக்கிவிட்டது. ஐந்து ரூபாய்க்குச் சத்தம் போட்ட அதே திண்ணையில் பணத்தையும் கொடுத்துவைத்திருக்கிறார். அடுத்த முறை வந்தபோது அம்மா கொடுத்தார். அவர் எண்ணிப் பார்க்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதார்.

நான்காவது முடிச்சு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. ஊதா நிறத்தில் வெள்ளைப் பூ, 3,400 ரூபாய். அம்மா அந்தத் துணியின் ஒரு மூலையை வெட்டிப் பர்ஸில் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில், ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில், பார்க்கிற பெண்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். அம்மாவிடம் இப்போது வேறு இரண்டு பெண்கள் பணம் கொடுத்துவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்கிறேன்.

கடைசியாக வடகம். சித்திரை வெயிலில் அப்பாயி போடுகிற தாளிப்பு வடகம் எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன அத்தனை பையன்கள் பெட்டியிலும் போயிருக்கிறது. யார் மகன் கிளம்பினாலும் ஒரு டப்பா. அவர்களில் சிலர் இப்போதும் என்னிடம் செய்முறை கேட்கிறார்கள். அவர் படியிலும் உழக்கிலும் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து நிறுத்துப் பார்த்து எடுத்த கணக்கு இது.

சின்ன வெங்காயம் ஒரு கிலோ, உரித்து ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் போட வேண்டாம், கூழாகிவிடும். பூண்டு 150 கிராம், தோலோடு தட்டினால் போதும். உளுத்தம்பருப்பு 100, கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25 கிராம். இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, இரண்டு ஸ்பூன் மஞ்சள் தூள், தேவைக்குக் கல் உப்பு. எல்லாவற்றையும் மண்சட்டியில் பிசைந்து ஒரு ராத்திரி மூடிவையுங்கள். காலையில் பிழிந்து உருண்டை பிடித்து வெயிலில் வையுங்கள், பிழிந்த தண்ணீரையும் பக்கத்திலேயே வையுங்கள். சாயங்காலம் உருண்டைகளை உதிர்த்து அந்தத் தண்ணீரிலேயே போட்டுப் பிசைந்து, மறுநாள் மறுபடி உருட்டுங்கள். தண்ணீர் முழுக்க இழுத்துக்கொள்ள மூன்று நாள் ஆகும். அதன் பிறகு கையில் விளக்கெண்ணெய் தொட்டு இறுக்கி உருட்டி, உள்ளே ஈரம் இல்லாமல் காயும்வரை, எட்டு நாளோ பத்து நாளோ காயவிடுங்கள். ஒரு வருடம் கெடாது. ஒரு கிலோ போடுகிறவர்கள் இரண்டு கிலோவாகப் போடுங்கள். காய்கிற வாசனைக்கு ஆள் வந்து கேட்கும்.